கண்காம்பை நீக்கினால் நண்டு ஓடு கழற்றுவது ஏன்? நொதிகளும் ஹார்மோன்களும் சேர்ந்து நடத்தும் ஸ்டீராய்டு உற்பத்தி

விலங்கியல் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "நண்டு, இறால் வகைகளில் ஓட்டைக் கழற்ற வைக்கும் ஸ்டீராய்டை நொதிகள் உண்டாக்குகின்றன. கண்காம்பிலிருந்து வரும் ஒரு ஹார்மோன் அதைத் தடுக்கிறது. இவ்வளவுதான் பாடத்தில் இருக்கிறது. அந்த ஹார்மோன் நேராகப் போய் நொதியைப் பிடித்து நிறுத்துகிறதா? அப்படியென்றால் கண்காம்பை நீக்கிய மறுநாளே விலங்கு ஓட்டைக் கழற்ற வேண்டாமா? ஏன் நாள்கணக்கில் ஆகிறது?"

நல்ல கேள்வி. பாடப்புத்தகம் நிறுத்திவிட்ட இடத்தில்தான் விஷயம் ஆரம்பமாகிறது. முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஹார்மோன் நொதியைத் தொடுவதே இல்லை. நொதிகளைச் செய்து தருகிற செல்லை அது சோம்பலாக வைத்திருக்கிறது. ஹார்மோன் விலகியதும் செல் விழித்து, பருத்து, புரதங்களைச் செய்து, கொலஸ்டிராலை உள்ளே இழுத்து, அதன் பிறகுதான் ஸ்டீராய்டு பெருகுகிறது. தாமதம் அங்கேதான். இதில் இன்னொன்றும் உண்டு. ஒரு கட்டத்துக்கு மேல் அந்தச் செல், தடுக்கும் ஹார்மோன் வந்து சொன்னாலும் காதில் வாங்காது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி அது. அதை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் சரக்கு எது என்று பார்ப்போம். நாம் பேசுகிற ஸ்டீராய்டுகளுக்கு எக்டிஸ்டீராய்டுகள் என்று பொதுப்பெயர். அவற்றில் உடலெங்கும் வேலை செய்வது 20-ஹைட்ராக்ஸிஎக்டைசோன். இதன் தம்பியான எக்டைசோனை 1954-இல் பூட்டெனாண்ட், கார்ல்சன் இருவரும் பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அரை டன் கூட்டுப்புழுவிலிருந்து கிடைத்தது 25 மில்லிகிராம். 1966-இல் ஹாம்ப்ஷயர், ஹார்ன் இருவரும் ஜேசஸ் என்ற பாறைச் சிங்கி இறாலின் கழிவு ஒரு டன்னை எடுத்து அலசியதில் 20-ஹைட்ராக்ஸிஎக்டைசோன் 2 மில்லிகிராம் கிடைத்தது. பல ஆண்டுகள் மாணவர்களிடம் இந்த எண்களைச் சொல்லியிருக்கிறேன், இன்றும் சொல்லும்போது மலைப்பாகத்தான் இருக்கிறது. இவ்வளவு சொற்பமான பொருள் ஒரு விலங்கின் மொத்த உடலையும் புரட்டிப் போடுகிறது என்றால், அதன் உற்பத்தியை எத்தனை கவனமாகக் கட்டுப்படுத்த வேண்டும்!

மூலப்பொருள் கொலஸ்டிரால். நம் கல்லீரல் கொலஸ்டிராலைத் தானே செய்துகொள்ளும். நண்டாலும் இறாலாலும் முடியாது, பூச்சிகளாலும் முடியாது. ஸ்டீரால் வளையத்தை ஆரம்பத்திலிருந்து கட்டும் நொதித்தொடர் அவற்றிடம் இல்லை. எனவே உணவிலிருந்தே வர வேண்டும். இறால் தீவனத்தில் கொலஸ்டிரால் சேர்ப்பது இதனால்தான். உண்ட கொலஸ்டிரால், குருதியில் கொழுப்பைச் சுமந்து செல்லும் லிப்போபுரதத்தின் முதுகில் ஏறி ஒய்-உறுப்பை வந்தடைகிறது.

ஒய்-உறுப்பு என்பது தலைமார்பின் முன்பகுதியில், செவுள் அறையின் முன்னோரத்தை ஒட்டி இருபுறமும் கிடக்கும் ஒரு ஜோடிச் சுரப்பி. 1953-இல் காபே இதை விவரித்து, பூச்சிகளின் தோலுரிப்புச் சுரப்பியோடு ஒப்பிட்டார். அதையடுத்து எஷாலியே கரை நண்டில் இந்தச் சுரப்பியை அகற்றிப் பார்த்தார். அகற்றிய நண்டு ஓடு கழற்றவில்லை. ஆனால் கழற்றுவதற்கான ஆயத்தம் முற்றிய பிறகு அகற்றினால் கழற்றுவது நிற்கவில்லை. அந்த இரண்டாவது முடிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தச் சுரப்பியின் முக்கியமான குணம், அது ஸ்டீராய்டைச் சேமித்து வைப்பதில்லை. பெப்டைடு ஹார்மோன்களை, அதாவது சிறு புரத வகை ஹார்மோன்களை, செய்யும் செல்கள் அவற்றைப் பைகளில் கட்டி வைத்துக்கொண்டு, வேண்டும்போது கொட்டும். ஒய்-உறுப்பு கிடங்கு இல்லை, தறி. நெய்தது உடனே வெளியே போய்விடும். ஆகவே வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்துவது என்றாலே நெசவைக் கட்டுப்படுத்துவதுதான். வேறு வழி இல்லை.

இப்போது நெசவைப் பார்ப்போம். கொலஸ்டிராலை முதலில் தொடுவது நெவர்லேண்ட் என்ற நொதி. அது கொலஸ்டிராலின் வளையத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பைச் சேர்த்து 7-டீஹைட்ரோகொலஸ்டிராலாக மாற்றுகிறது. அடுத்து வரும் படிகளை இத்துறையில் எல்லோரும் 'கருப்புப் பெட்டி' என்றே சொல்வார்கள். இடையில் உண்டாகும் பொருள்கள் நிலையாக நிற்காததால் கையில் பிடிபடவில்லை. ஸ்பூக் என்ற நொதியும் இன்னும் சிலவும் அங்கே வேலை செய்கின்றன. பெட்டியிலிருந்து வெளியே வரும் மூலக்கூற்றில் ஸ்டீராய்டின் எலும்புக்கூடு தயாராக இருக்கும், ஆனால் மூன்று இடங்களில் ஹைட்ராக்ஸில் தொகுதி பாக்கி இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பொருத்துவது மூன்று சைட்டோகுரோம் பி450 நொதிகள். ஃபேன்டம் 25-ஆம் கார்பனிலும், டிஸெம்பாடீட் 22-ஆம் கார்பனிலும், ஷேடோ 2-ஆம் கார்பனிலும் பொருத்தும். முடிவில் கிடைப்பது எக்டைசோன்.

பேய், நிழல், ஆவி என்று பெயர்கள் வருவதைப் பார்த்து மாணவர்கள் சிரிப்பார்கள். பழ ஈக்களில் இந்த மரபணுக்கள் பழுதான கருக்கள் மேல்தோல் உருவாகாமல் உருக்குலைந்து மடிந்தன. அந்தத் தோற்றத்தால் வந்த பெயர்கள் இவை, மொத்தத்தையும் ஹாலோவீன் மரபணுக்கள் என்பார்கள். இதே மரபணுக்கள் நீர்த்தெள்ளான டாஃப்னியாவிலும் நண்டிலும் இறாலிலும் இருக்கின்றன. பூச்சியும் நண்டும் பிரிந்து எத்தனையோ கோடி ஆண்டுகள் ஆகியும் தறியின் பாகங்கள் மாறவில்லை.

ஆனால் நெய்து தரும் துணியில் சிறு வேறுபாடு உண்டு. எல்லா நண்டுகளின் ஒய்-உறுப்பும் எக்டைசோனை மட்டும் தருவதில்லை. சில 3-டீஹைட்ரோஎக்டைசோனைத் தருகின்றன. கரை நண்டின் சுரப்பி எக்டைசோனோடு 25-டீஆக்ஸிஎக்டைசோனையும் தருகிறது. பின்னது ஃபேன்டம் தன் வேலையைச் செய்யாமல் நழுவ விட்ட மூலக்கூறு. இவை குருதியில் கலந்து மற்றத் திசுக்களை அடையும்போது ஷேட் என்ற நொதி 20-ஆம் கார்பனில் ஒரு ஹைட்ராக்ஸிலைச் சேர்க்கிறது. எக்டைசோன் 20-ஹைட்ராக்ஸிஎக்டைசோன் ஆகும். 25-டீஆக்ஸிஎக்டைசோன் போனாஸ்டெரோன்-ஏ ஆகும். வீரியமான வடிவம் சுரப்பிக்கு வெளியேதான் பிறக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆகவே கட்டுப்பாடு சுரப்பியோடு முடிவதில்லை. எந்தத் திசுவில் ஷேட் எவ்வளவு இருக்கிறது என்பதும் கணக்கில் சேரும்.

இனி கண்காம்புக்கு வருவோம். 1905-இல் ஜெலெனி, வீணை நண்டுகளின் கண்காம்பை நீக்கியபோது அவை ஓடு கழற்றும் இடைவெளி குறைவதைக் கவனித்தார். ஹார்மோன் என்ற சொல்லே அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. காரணம் புரியப் பல பத்தாண்டுகள் ஆயின. கண்காம்புக்குள் பார்வை நரம்பு முடிச்சுகளை ஒட்டி எக்ஸ்-உறுப்பு என்ற நரம்புச் செல்களின் கொத்து இருக்கிறது. அவற்றின் நீண்ட நார்கள் சைனஸ் சுரப்பியில் வந்து முடிகின்றன. உயிருள்ள நண்டின் கண்காம்பைத் திறந்து நுண்நோக்கியில் பார்த்தால் சைனஸ் சுரப்பி நீலம் படர்ந்த வெண்மையில் ஒளிரும், சுற்றியுள்ள திசுவிலிருந்து தனியாகத் தெரியும். முதல் முறை பார்த்த மாணவர் யாரும் அந்த நிறத்தை மறந்ததில்லை. நார்களின் நுனிகளில் நெருக்கியடித்துக் கிடக்கும் பெப்டைடுத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம் அது.

அந்தத் துகள்களில் ஒன்றுதான் நீங்கள் கேட்ட ஹார்மோன், ஓடு கழற்றலைத் தடுக்கும் தோலுரிப்புத் தடை ஹார்மோன். கரை நண்டில் இது 78 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு. ஆறு சிஸ்டீன்கள் மூன்று டைசல்ஃபைடு பாலங்களாகக் கோத்து இதை இறுக்கி வைத்திருக்கின்றன. குருதியில் சர்க்கரையை உயர்த்தும் ஹார்மோனும், சூலக வளர்ச்சியைத் தடுக்கும் ஹார்மோனும் இதற்கு ஒரே குடும்பத்துச் சகோதரர்கள். சர்க்கரை உயர்த்தும் ஹார்மோனும் ஒய்-உறுப்பைத் தடுக்க வல்லது. ஆபத்திலும் இடரிலும் இது அதிகம் சுரக்கும் என்பதால், நெருக்கடியான நேரத்தில் நண்டு ஓடு கழற்றத் தயங்குவதற்கு இதையும் ஒரு காரணமாகப் பார்க்கலாம்.

பூச்சிகளோடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும். பூச்சியின் மூளை ஒரு தூண்டும் ஹார்மோனை அனுப்பி, 'இப்போது நெய்' என்கிறது. நண்டின் கண்காம்போ 'நெய்யாதே, நெய்யாதே' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது, அந்தக் குரல் ஓயும்போது நெசவு துவங்குகிறது. தறி ஒன்றே, பிடி எதிர்த்திசையில். ஒரே நொதித்தொடரின் மேல் இரண்டு விலங்குக் கூட்டங்கள் நேர்மாறான ஆட்சியை ஏற்றி வைத்திருக்கின்றன.

சரி, அந்த 'நெய்யாதே' சுரப்பியின் செல்லுக்குள் என்ன செய்கிறது? இதைப் பெரிதும் தெளிவாக்கியது கெகார்சினஸ் என்ற கருமுதுகு நில நண்டில் நடந்த வேலைகள். ஹார்மோன் செல்லின் வெளிச்சவ்வில் ஒட்டியதும் உள்ளே செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பி ஏறுகிறது. அது சிறிது நேரம் நீடிக்கும் முதல் தட்டல். அதைத் தொடர்ந்து கால்சியமும் அதைப் பிடிக்கும் புரதமான கால்மோடுலினும் சேர்ந்து நைட்ரிக் ஆக்ஸைடு செய்யும் நொதியை எழுப்புகின்றன. நைட்ரிக் ஆக்ஸைடு இன்னொரு செய்தி மூலக்கூறான சைக்ளிக் ஜிஎம்பியை உயர்த்துகிறது. தடையை நீண்ட நேரம் தாங்கிப் பிடிப்பது இந்த இரண்டாம் கட்டம். சைனஸ் சுரப்பி ஹார்மோனை விட்டு விட்டுத் துளித்தாலும், ஒரு துளிக்கும் அடுத்த துளிக்கும் இடையே சுரப்பி விழித்துவிடாமல் இருப்பது இதனால்தான்.

இந்தச் சங்கிலி கடைசியில் போய் அழுத்துவது எம்டார் என்ற கட்டுப்பாட்டு மையத்தை. செல் வளரலாமா, புரதம் செய்யலாமா என்று தீர்மானிக்கும் இடம் அது, ஈஸ்ட்டிலிருந்து மனிதன் வரை எல்லாவற்றிலும் இருக்கிறது. ராபமைசின் எம்டாரை முடக்கும் மருந்து. தூண்டப்பட்ட ஒய்-உறுப்பைத் தட்டில் வளர்த்து ராபமைசின் விட்டால் ஸ்டீராய்டு வெளியேற்றம் குறைந்துவிடுகிறது. புரத உற்பத்தியை நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைடு விட்டாலும் அப்படியே. இந்தச் சோதனைகள் உங்கள் கேள்விக்கு நேர் விடை. நொதிகள் ஏற்கனவே போதுமான அளவு தயாராக இருந்து, ஹார்மோன் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்றால், புரத உற்பத்தியை நிறுத்துவதால் பெரிய மாற்றம் வரக்கூடாது. வருகிறது. ஆகவே புதிதாகப் புரதம் செய்தாக வேண்டும், தடை விழுவது அந்தப் படியில்.

மரபணு அளவிலும் சான்று இருக்கிறது. குரூமா இறாலின் ஒய்-உறுப்பில் தடை ஹார்மோன் பட்டால் ஃபேன்டம் மரபணுவின் வெளிப்பாடு தாழ்கிறது. நண்டுகளில் கண்காம்பை நீக்கிய பின் சுரப்பி கொலஸ்டிராலை உறிஞ்சும் வேகம் கூடுகிறது. நொதி, மூலப்பொருள், செல்லின் பருமன் என்று மூன்றையும் ஒரே கை பிடித்து வைத்திருக்கிறது.

இப்போது அந்தப் பிடித்த பகுதி. ஒய்-உறுப்பு ஒரு சுழற்சியில் நான்கு நிலைகளைக் கடக்கிறது. ஓடு கழற்றல்களுக்கு இடைப்பட்ட நீண்ட காலத்தில் அது ஒடுங்கிய நிலையில் சிறிதளவே சுரக்கும். தடை தளர்ந்ததும் விழித்த நிலைக்குப் போகும். செல்கள் பருக்கும், சுரப்பு ஏறும், ஆனாலும் தடை ஹார்மோன் திரும்ப வந்தால் மறுபடி ஒடுங்கிவிடும். இது பின்வாங்கக்கூடிய கட்டம். கால் முளைகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். இந்த நில நண்டு ஐந்தாறு கால்களை உதறிவிட்டால் அதுவே ஓடு கழற்றும் ஆயத்தத்தைத் தூண்டும், உதிர்ந்த இடத்தில் மெல்லிய உறைக்குள் மடித்து வைத்த குட்டிக் கால்கள் முளைக்கும். ஆயத்தம் துவங்கியபின் உரிய நேரத்துக்கு முன்னால் அந்த முளைகளைக் கிள்ளிவிட்டால் நண்டு ஆயத்தத்தை நிறுத்திவைத்து, புது முளைகள் எழுந்து வரும்வரை காத்திருக்கும். எல்லாக் கால்களும் ஒன்றாகப் புது ஓட்டோடு வெளிவர வேண்டும் என்ற கணக்கு உடலுக்குள் நடக்கிறது. இதைப் படித்தபோது நம்பக் கடினமாக இருந்தது. தொட்டியில் அந்த முளைகள் நாளுக்கு நாள் நீள்வதைப் பார்த்த பிறகு கடினமாக இல்லை.

ஆயத்தத்தின் நடுப்பகுதியில் மூன்றாம் நிலை வருகிறது. சுரப்பி உறுதி பூண்டுவிட்டது. இனி தடை ஹார்மோன் இருந்தாலும் அது கேட்காது. கரை நண்டில் அளந்தபோது, சுழற்சி முழுவதிலும் தடை ஹார்மோனின் அளவைவிடச் சுரப்பியின் செவி கொடுக்கும் தன்மைதான் அதிகம் மாறுவது தெரிந்தது. ஆயத்தத்தில் இருக்கும் சுரப்பியில் சைக்ளிக் செய்தி மூலக்கூறுகளை உடைக்கும் பாஸ்போடைஎஸ்டரேஸ் நொதியின் செயல் கூடுகிறது என்று நன்னீர்ச் சிங்கி இறாலில் கண்டிருக்கிறார்கள். செய்தி வந்து சேர்ந்தாலும் உள்ளே பரவும் முன் அழிக்கப்படுகிறது. நொதி ஹார்மோனுக்கு அடங்கியது என்று மட்டும் படித்திருப்பீர்கள். இங்கே ஒரு நொதி ஹார்மோனின் வாயை அடைக்கிறது.

உறுதி பூணும் அந்தத் திருப்பத்துக்கு ஆக்டிவின் வகைச் சமிக்ஞை, அதாவது செல்களுக்குச் செய்தி சொல்லும் ஒரு புரத வகையின் சமிக்ஞை, தேவை. கண்காம்பு நீக்கிய நில நண்டுகளுக்கு அந்தச் சமிக்ஞையின் ஏற்பியை அடைக்கும் மருந்தை ஒரு முறை செலுத்தினால், சுரப்பி விழித்த நிலையிலேயே தங்கிவிடுகிறது, அடுத்த படி ஏறுவதில்லை. கண்காம்பு இல்லாததால் தடை இல்லை, ஆனாலும் ஏறவில்லை. எனவே தடை நீங்குவது மட்டும் போதாது. தடை நீங்கிய பின் எம்டார் விழித்து, அதன் தொடர்ச்சியாக ஆக்டிவின் எழுந்து, சுரப்பி தன்னைத்தானே மாற்றிக்கொள்ள வேண்டும். கண்காம்பை நீக்கிய மறுநாள் ஏன் ஓடு கழலுவதில்லை என்பதற்கு இப்போது முழு விடை கிடைத்திருக்கும். முற்றிய ஆயத்தத்தில் ஒய்-உறுப்பை அகற்றினாலும் கழலல் நிற்காது என்ற எஷாலியேயின் முடிவும் இதோடு பொருந்துகிறது. அதற்குள் போதுமான ஸ்டீராய்டு உடலில் சேர்ந்து, திசுக்கள் வேலையைத் தொடங்கியிருக்கும்.

நான்காம் நிலையில் நெய்த துணியே தறியை நிறுத்துகிறது. குருதியில் 20-ஹைட்ராக்ஸிஎக்டைசோன் உச்சத்தைத் தொட்டதும் அது ஒய்-உறுப்பை அடக்குகிறது. அதோடு, இருக்கும் ஸ்டீராய்டை அப்புறப்படுத்தும் நொதிகளும் வேகம் பிடிக்கின்றன. 26-ஆம் கார்பனில் மாற்றம் செய்து எக்டைசோனோயிக் அமிலமாக்கி, உணர்கொம்புச் சுரப்பி வழியே சிறுநீரில் வெளியேற்றுகிறது உடல். அளவு சரிந்த பிறகுதான் ஓடு கழலும். உச்சத்தில் கழலாது. ஏற்றம் எவ்வளவு முக்கியமோ சரிவும் அவ்வளவு முக்கியம், பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

தூண்டும் பக்கம் எதுவுமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. தாடை உறுப்பு சுரக்கும் மெத்தில் ஃபார்னெசோயேட் ஒய்-உறுப்பைத் தூண்டுகிறது என்று நண்டில் காட்டியிருக்கிறார்கள். இது ஸ்டீராய்டு இல்லை, பூச்சிகளின் இளம்பருவ ஹார்மோனின் நெருங்கிய உறவான டெர்பினாய்டு, 1987-இல் லாஃபரின் குழு சிலந்தி நண்டில் கண்டது. தாடை உறுப்பையும் கண்காம்பின் பெப்டைடுகள் தடுக்கின்றன. ஆகக் கண்காம்பு நீங்கினால் தடை ஒரு வழியாகத் தளர்கிறது, தூண்டல் இன்னொரு வழியாகக் கூடுகிறது.

ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் பற்றியும் இதே கேள்வியில் அடிக்கடி வரும். கொலஸ்டிராலின் பக்கச் சங்கிலியை வெட்டி அந்த வகை ஸ்டீராய்டுகளுக்கு வழி திறக்கும் முதுகெலும்பிகளின் நொதி கணுக்காலிகளிடம் இல்லை. நண்டின் உடலில் அத்தகைய ஸ்டீராய்டுகளின் தடம் கண்டதாகக் கட்டுரைகள் உண்டு, ஆனால் ஆண்மையைத் தீர்மானிப்பது அவை என்று சொல்ல எனக்கு மனம் வராது. 1954-இல் ஷார்னியோ-கொத்தோன் கண்டறிந்த ஆண்மைச் சுரப்பியின் ஹார்மோன் இன்சுலின் வகைப் பெப்டைடு, ஸ்டீராய்டு அல்ல.

இறால் குஞ்சுப் பண்ணைகளில் தாய் இறாலின் ஒரு கண்காம்பை நீக்குவது முட்டைக்காக. கண்காம்பை நீக்கினால் சூலகம் வேகமாக வளரும் என்று 1943-இல் பனூஸ் கண்டதன் நேரடிப் பயன்பாடு அது. அங்கே நோக்கம் சூலகத் தடையை எடுப்பது, ஆனால் தோலுரிப்புத் தடையும் அதே காம்பில் இருப்பதால் இரண்டும் சேர்ந்தே தளர்கின்றன. ஒரே உடலில் முட்டைக்கும் புது ஓட்டுக்கும் வளம் பங்குபோகும்போது தாய் சீக்கிரம் தேய்ந்துபோவதில் வியப்பில்லை.

கடைசியாக, இந்த ஸ்டீராய்டு எங்கே போய் என்ன செய்கிறது என்பதற்கு, கையருகே பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஓடு கழற்றும் நாளில் நண்டின் பெரிய இடுக்கி, அதன் அடியிலுள்ள குறுகிய மூட்டு வழியாக முழுதும் வெளியே வர வேண்டும். அந்தத் துளையையும் இடுக்கியின் பருமனையும் பார்த்தால் நடக்காது என்றே தோன்றும். ஆனால் எக்டிஸ்டீராய்டு ஏறிய வாரங்களில் இடுக்கித் தசை தன் புரதத்தைத் தானே கரைத்து மெலிந்திருக்கும். நில நண்டிலும் நன்னீர்ச் சிங்கி இறாலிலும் பழைய ஓட்டின் கால்சியத்தில் ஒரு பகுதி இரைப்பைச் சுவரில் வெள்ளைக் கற்களாகச் சேர்ந்திருக்கும். கரை நண்டில் கழலும் தருணத்தில் குடல் செல்களிலிருந்து சர்க்கரை உயர்த்தும் ஹார்மோன் மொத்தமாகக் கொட்டும். உடல் நீரை உறிஞ்சி உப்பும், பின்புறம் ஓடு பிளக்கும். மெலிந்த இடுக்கி அந்தச் சிறு துளை வழியே ஈரமாக நழுவி வெளியே வரும், வந்த பிறகு பழைய இடுக்கியைவிடப் பெரிதாக விரியும். அந்த நேரத்தில் குருதியை எடுத்து அளந்தால் எக்டிஸ்டீராய்டு தாழ்ந்து கிடக்கும். ஒய்-உறுப்பு சிறுத்திருக்கும். அடுத்த நாள்களில் அது கண்காம்பின் சொல்லுக்கு மறுபடியும் செவி கொடுக்கத் தொடங்கும்.